ஏழாம் பிரஸ்ஸில் இரண்டு இடம் காலி

அந்தக் கம்பெனியில் வேலையை விட்டு அனுப்பப்படுகிறவர்களின் பட்டியல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு ஒட்டப்படும். மொத்தம் முந்நூறு பேர் என்று எட்டு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். முந்நூறு பேரையும் ஒரே நாளில் அனுப்பியிருந்தால் அழுது, திட்டி, ஆளுக்கொரு பக்கம் போய் வேறு பிழைப்பைப் பார்த்திருப்பார்கள். அதற்கு மேலிடத்துக்கு மனசு வரவில்லையாம். வாரத்துக்கு ஆறு பேர், எட்டுப் பேர் என்று கிள்ளிக் கிள்ளி எடுத்தார்கள். கோழியைக்கூட யாரும் அப்படி அறுக்க மாட்டார்கள்.

முதல் மாதம், போகிறவனைக் கட்டிப்பிடித்து வாசல்வரை கொண்டுபோய் விட்டார்கள். மூன்றாம் மாதம், போகிறவனின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. ஐந்தாம் மாதம் ஒருத்தன் மேல் ஒருத்தன் கோள் மூட்ட ஆரம்பித்தார்கள். பக்கத்து மெஷின்காரன் மாட்டினால் தன் பெயர் ஒரு வாரம் தள்ளிப்போகும் என்று ஒரு நப்பாசை. இருபது வருஷமாக ஒரே டப்பாவில் பங்கிட்டுச் சாப்பிட்ட இரண்டு வெல்டர்கள் கழிவறை வாசலில் கட்டிப் புரண்டார்கள். ஒருத்தருக்கு முன்பல் இரண்டும் போயிற்று. பெயிண்ட் அடிக்கிறவன் ஒருவன் கைகழுவும் இடத்துக் கண்ணாடியை முஷ்டியால் குத்தி உடைத்துவிட்டு, ரத்தம் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து அன்றைய மிச்ச வேலையை முடித்தான். பெரிய மேனேஜரின் கார்க் கண்ணாடியை மூன்று முறை மாற்றினார்கள்.

இந்தக் கூத்துக்கு நடுவில் புதிதாக ஆள் எடுக்கவும் வேண்டியிருந்தது. கையில் தொழில் உள்ளவன் தன் பெயர் வரும்வரை கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பானா? அவன்தான் முதலில் கிளம்பினான். கம்பெனி அனுப்ப நினைத்தவர்கள் இருந்தார்கள், வைத்துக்கொள்ள நினைத்தவர்கள் போய்விட்டார்கள். அதனால் ஒரே அறையில் ஒரு மேஜையில் ஆளை அனுப்பும் வேலையும் அடுத்த மேஜையில் ஆளைச் சேர்க்கும் வேலையும் நடந்தன. அனுப்புகிறவருக்குப் போங்கண்ணன் என்றும், சேர்ப்பவளுக்கு வாங்கக்கா என்றும் தொழிலாளிகள் பெயர் வைத்திருந்தார்கள். எவ்வளவு வயிறெரிந்தாலும் பட்டப்பெயர் வைக்கிற புத்தி மட்டும் போகாது.

வாங்கக்காவுக்கு நாற்பத்தோரு வயது. அப்பா அம்மா போனபிறகு தம்பியைப் படிக்கவைத்து, கல்யாணமும் செய்துவைத்துவிட்டுத் தனியாக இருந்தாள். யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவள். அவளைப் பெரிய மேனேஜர் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் தகடு அழுத்தும் பிரஸ் பிரிவுக்கு நான்கு பேர் வேண்டும், இல்லையென்றால் உன் மேஜை எதற்கு என்று கேட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த மேஜைக்காரர் அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் ஆள் எங்கே கிடைக்கும்? பட்டியல் ஒட்டும் பலகை வாசல் கேட்டிலேயே இருந்தது. நேர்காணலுக்கு வருகிறவர்கள் முதலில் அதைப் படிப்பார்கள். அதன் அடியில் உட்கார்ந்து அழுகிறவர்களைப் பார்ப்பார்கள். அப்படியே வந்த வழியே போய்விடுவார்கள். ஒருத்தர் மட்டும் மரியாதைக்கு அவளிடம் வந்து, "ஏங்க, இது வேலைக்குக் கூப்பிட்ட இடமா, பிணவறை வாசலா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கே அவள் பெரிய மேனேஜரிடம் ஒரு யோசனை சொன்னாள். பலகை வாசலில் இருப்பதால்தான் வருகிறவர்கள் ஓடுகிறார்கள், உள்ளே எங்கேயாவது மாற்றிவிடலாம் என்றாள். எட்டு மாதத்தில் இந்த ஆபீஸில் ஒருத்தர் வாயிலிருந்து வந்த முதல் புத்திசாலித்தனமான பேச்சு என்று அவர் பாராட்டினார். எல்லா ஷிஃப்ட்டும் கடந்துபோகிற இடம் பிரஸ் கொட்டகை என்பதால் அங்கே நடுத்தூணில் பலகையைக் கொண்டுபோய் மாட்டினார்கள். அந்தத் தூணிலிருந்து ஏழாம் பிரஸ் நாலு எட்டு தூரம். அவள் அந்தக் கொட்டகைக்குள் அதுவரை இரண்டு தடவைதான் போயிருந்தாள். எந்தத் தூண், அதன் எதிரில் யார் நிற்கிறார்கள் என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை.

பலகை போனதும் மூன்று பேர் சிக்கினார்கள். நாலாவது ஆள் கிடைக்கவில்லை. மாதம் முடிய ஐந்து நாள் இருந்தபோது அவள் தம்பி வீட்டுக்குப் போனாள்.

தம்பி ஒரு டூவீலர் பட்டறையில் நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கைநேர்த்தி உள்ளவன். முதலாளி அவனைக் கேட்காமல் ஒரு போல்ட்டைத் திருக மாட்டார். அவனிடம் போய், பெரிய கம்பெனி, நிரந்தர வேலை, லிஸ்ட் எல்லாம் முடிந்துவிட்டது என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள். தம்பி மனைவி மட்டும், "நிஜமாவா அண்ணி? வெளியே வேற மாதிரி பேசிக்கிறாங்களே" என்றாள். நான் இருக்கிறேன் இல்லையா என்று வாயை அடைத்தாள் வாங்கக்கா. தன் மேஜையைக் காப்பாற்றத் தம்பியின் பிழைப்பைப் பிடுங்குகிறோம் என்று திரும்பி வரும் வழியெல்லாம் நெஞ்சு உறுத்தியது. மூன்று மாதம் போனால் பட்டியல் முடிந்து எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

முதல் நாள் காலை கேட்டருகே அவனை ஓரமாக நிறுத்திப் புத்தி சொன்னாள்.

"மூணு மாசம் பல்லைக் கடிச்சுக்கோடா. உள்ள எதைப் பார்த்தாலும் வாயைத் திறக்காதே. குறை சொல்றவன் பேரைத்தான் முதல்ல எழுதுறாங்க."

அது பொய்யில்லை. சரக்குத் தூக்கும் வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை என்று ஒரு டிரைவர் திங்கட்கிழமை சொன்னார். வெள்ளிக்கிழமை அவர் பெயர் பலகையில் இருந்தது. தம்பி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான். அவனை ஏழாம் பிரஸ்ஸில் போட்டார்கள்.

ஏழாம் பிரஸ் இரும்புத் தகட்டை அழுத்தி வேன் கதவாக்கும். எதிரெதிரே இரண்டு பேர் நிற்க வேண்டும். ஆளுக்கு இரண்டு பொத்தான், வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. நாலு பொத்தானும் ஒரே நேரத்தில் அமுங்கினால்தான் பிரஸ் இறங்கும். நாலு கையும் பொத்தானில் இருந்தால் ஒரு கையும் உள்ளே இருக்காது அல்லவா? அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. பட்டியல் ஆரம்பித்த மூன்றாம் மாதம் எதிர்ப்பக்கத்து ஆள் போய்விட்டார். ஆள் வரும்வரை எப்படியாவது ஓட்டு என்றார்கள். மிச்சமிருந்தவர் மரத்தில் இரண்டு ஆப்பு செதுக்கி, எதிர்ப்பக்கத்துப் பொத்தான்களை அமுக்கியபடி செருகிவைத்துவிட்டுத் தனியாகவே ஓட்டினார். ஐந்து மாதம் ஓட்டினார். மேலே இருக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது. ஒண்டியாக ஓட்டியதால் அவருக்கு ஒண்டி என்றே பெயர் விழுந்தது.

ஒண்டிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தனக்கு எதிரில் புது ஆள் வரப்போகிறான் என்று கேள்விப்பட்டதும், தன்னை அனுப்பத்தான் இது என்று அவர் முடிவுகட்டிவிட்டார். கேன்டீனில் எல்லார் எதிரிலும் ஸ்டூலைத் தூக்கிச் சுவரில் அடித்தார். கால் உடைந்த ஸ்டூலைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"என் மெஷினுக்கு வர்றவன் கையோட வீட்டுக்குப் போக மாட்டான். எழுதி வச்சுக்கோங்க."

எல்லாரும் மனதில் எழுதிவைத்துக்கொண்டார்கள். ஆனால் தம்பி வந்தபிறகு அவர் அப்படியொன்றும் கடித்துத் தின்றுவிடவில்லை. இரண்டு நாள் முறைத்தார், மூன்றாம் நாள் தன் கையுறையில் ஒரு ஜோடியைத் தூக்கிப் போட்டார். அவர் பரவாயில்லை அக்கா, வாய்தான் அப்படி என்று தம்பி போனில் சொன்னான். தம்பி வேறு வேலையாகப் போகும்போது அவர் ஆப்பைச் செருகிக்கொள்வார், அவன் வந்ததும் உருவிவிடுவார். ஐந்து மாதப் பழக்கத்தை அவரால் ஒரேயடியாக விட முடியவில்லை.

தம்பி சேர்ந்த இரண்டாம் வாரம், வெள்ளிக்கிழமைப் பட்டியலில் ஒண்டியின் பெயர் இருந்தது. வியாழக்கிழமையே வாங்கக்கா அதைப் பக்கத்து மேஜையில் பார்த்துவிட்டாள். தம்பியிடம் சொல்லி நாளைக்கு ஒரு நாள் லீவு போடச் சொல்லலாமா என்று நினைத்தாள். விஷயம் வெளியே கசிந்தால் யார் வழியாகக் கசிந்தது என்று தோண்டுவார்கள். சொல்லாமல் விட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அவளே தம்பியை ஆபீஸுக்குக் கூப்பிட்டாள். ஆள் தேவை என்று ஒட்டப்போகும் போஸ்டருக்குச் சிரித்த முகமாக ஒரு தொழிலாளி வேண்டும் என்று பெரிய மேனேஜர் கேட்டிருந்தார். அந்தக் கம்பெனியில் சிரித்த முகத்துக்கு எங்கே போவது? தம்பி ஒருத்தன்தான் அகப்பட்டான். ஹெல்மெட்டை நேராக வைத்து, வலது கைக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டச் சொல்லி நாலைந்து படம் எடுத்தாள். வேலை கிடக்கிறது அக்கா என்று அவன் அவசரமாகக் கிளம்பினான். அவன் பின்னாலேயே போங்கண்ணனும் பட்டியலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

ஏழாம் பிரஸ்ஸின் சத்தம் அவள் மேஜைவரை கேட்கும். தொம் என்று ஒரு தடவை கேட்டது. அடுத்த தொம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஓர் அலறல் வந்தது. தம்பி சின்ன வயதில் மாடிப்படியில் உருண்டபோது போட்ட அதே அலறல். அவள் எழுந்து ஓடினாள்.

பிரஸ் மறுபடி மேலே போயிருந்தது. தகடு கதவாகியிருந்தது. அந்தக் கதவின் மடிப்போடு மடிப்பாகத் தம்பியின் வலதுகைக் கையுறை தகட்டில் பதிந்து கிடந்தது, உள்ளே விரல்களோடு. தம்பி தரையில் கிடந்தான். ஒரு வெல்டர் தன் சட்டையைக் கழற்றி அவன் மணிக்கட்டில் முறுக்கிக்கொண்டிருந்தார். சட்டை நனைந்து, அதற்கு மேல் சுற்றிய சட்டையும் நனைந்தது. தம்பிக்கு நினைவு இருந்தது. அக்கா என்று கூப்பிட்டான். அதற்கப்புறம் கண் செருகிவிட்டது.

தூணருகே இன்னொரு கூட்டம். நடுவில் ஒண்டி. எட்டு மாதமாக யாரை அடிப்பது என்று தெரியாமல் நின்றவர்களுக்கு அன்றைக்கு ஓர் உடம்பு கிடைத்தது. கையை எடுப்பேன் என்று சொன்னான், எடுத்துவிட்டான், பட்டியலில் தன் பெயரைப் பார்த்ததும் அமுக்கிவிட்டான் என்று ஒருத்தன் சொன்னது போதுமானதாக இருந்தது. பூட்ஸ் காலால் மிதித்தார்கள். ஸ்பேனரால் அடித்தார்கள். பெயிண்ட்காரன், கண்ணாடியை உடைத்த அதே கையால் அவர் வாயில் குத்தினான். பல் போன வெல்டர் விலாவைக் குறிபார்த்து உதைத்தார். இவர்களில் பாதிப் பேர் போன வாரம்வரை ஒருத்தரையொருத்தர் அடித்துக்கொண்டவர்கள். ஒண்டி தலையைக் கைகளால் மூடிக்கொண்டு மறந்துட்டேன், மறந்துட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வேஷம் போடுகிறான் என்று இன்னும் ஓங்கி மிதித்தார்கள்.

வாங்கக்கா வருவதைப் பார்த்து வழிவிட்டார்கள். தடுக்க வருகிறாள் என்று சிலர் நினைத்திருக்கலாம். அவள் தரையில் உருண்டு கிடந்த தம்பியின் ஹெல்மெட்டை எடுத்தாள். அதன் விளிம்பால் ஒண்டியின் முகத்தில் அடித்தாள். இரண்டாவது முறை அடித்தாள். மூன்றாவது அடி கண்ணில் விழுந்தது, அது விழுந்த சத்தமே வேறு மாதிரி இருந்தது. போங்கண்ணன் அவள் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அடிக்கும்போது அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. அதை அவள் பிறகு தன்னிடமே மறைக்கவில்லை.

ஆம்புலன்ஸ் இரண்டு வந்தன. இரண்டும் ஒரே ஆஸ்பத்திரிக்குப் போயின.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தம்பி கண் விழித்தான். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சியிருந்தன. அவன் மனைவி கட்டிலுக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்தாள். வாங்கக்காவை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வாங்கக்காவின் போனில் பெரிய மேனேஜரிடமிருந்து ஒரு செய்தி வந்து கிடந்தது. போட்டோக்களில் இரண்டாவது நன்றாக இருக்கிறது, அதையே போஸ்டருக்கு வைத்துவிடு என்று எழுதியிருந்தார். போட்டோவில் இருப்பது யார் என்று அவர் விசாரிக்கவில்லை போலிருக்கிறது. அவள் போனை அணைத்து வைத்தாள்.

தம்பி தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு, ஒண்டியை என்ன செய்தார்கள் என்று கேட்டான். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, நீ பேசாமல் படு என்றாள் அவள்.

"அவர் மேல தப்பில்லக்கா" என்றான்.

மெல்ல மெல்லத்தான் சொன்னான். அவன் போட்டோவுக்குப் போயிருந்த நேரத்தில் அவர் வழக்கம்போல ஆப்பைச் செருகி ஓட்டிக்கொண்டிருந்தார். அவன் திரும்பிவந்து தன் இடத்தில் நின்றான். அவர் ஆப்பை உருவக் குனியப்போன நேரத்தில் போங்கண்ணன் காகிதத்தோடு தூணுக்கு வந்தார். ஒண்டியின் தலை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. தூண் நேர் எதிரில் இருக்கும்போது யாருக்குத்தான் திரும்பாது? தகடு சற்று விலகியிருந்தது. அதை நேராக்கத் தம்பி கையை உள்ளே விட்டான். அவர் கண் பலகையில் இருந்தது, கைகள் தன்பாட்டுக்கு அவர் பக்கத்து இரண்டு பொத்தானையும் அமுக்கின.

"ஆப்பு இருக்கிறதை நீ பார்க்கலையாடா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டுமா கையை விட்டே? ஒரு வார்த்தை சத்தம் போட்டிருக்கலாமே."

தம்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"எல்லார் எதிர்லயும் அதைச் சொன்னா குறை சொல்றான்னு எழுதிடுவாங்களோன்னு பயந்துட்டேன். நீதானேக்கா எதைப் பார்த்தாலும் வாயைத் திறக்காதேன்னு சொன்னே."

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். தம்பி மனைவி அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தாள், பிறகு புருஷனின் போர்வையைச் சரிசெய்தாள்.

ஒண்டி கீழ்மாடியில் கிடந்தார். நான்கு விலா எலும்பு முறிந்திருந்தது. இடது கண் இனி உதவாது என்று நர்ஸ் சொன்னாள். முகம் முழுக்கக் கட்டு. அவர் மனைவி கட்டில் ஓரத்தில் நின்று அவர் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து ஒருத்தராவது வந்தீர்களே, நீங்கள் யாரம்மா என்று கேட்டாள்.

"கண்ணுல அடிச்சவ" என்றாள் வாங்கக்கா. "அவர் மேல தப்பில்ல. எனக்கு இப்பதான் தெரிஞ்சுது."

அந்த அம்மாள் கை ஓங்கிப் பளாரென்று ஒன்று விட்டாள். வாங்கக்காவின் உதடு கிழிந்தது. இன்னொன்று விழும் என்று முகத்தைக் காட்டியபடியே நின்றாள். அந்த அம்மாளின் கை பாதியில் இறங்கிவிட்டது.

"இன்னொண்ணு அடிக்கக்கூட எனக்குத் தெம்பு இல்ல. போயிடும்மா."

அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். ஆப்பு, பலகை, தான் அடித்தது, தம்பியை ஏமாற்றிக் கூட்டிவந்தது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதிக்கொடுத்தாள். கடைசியில் எழுதியது கேஸில் வராது அம்மா என்றார் வாங்கிப் படித்த ஏட்டு. வராவிட்டாலும் இருக்கட்டும் என்றாள். கூப்பிடும்போது வரச் சொல்லி அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்தாள். மேஜையில் ஒரு குறிப்பு இருந்தது: ஏழாம் பிரஸ்ஸில் இரண்டு இடம் காலி, இந்த வாரத்துக்குள் நிரப்பவும். அதைப் படித்தாள். டிராயரிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு பிரஸ் கொட்டகைக்கு நடந்தாள். ஏழாம் பிரஸ்ஸைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள், தரையைக் கழுவியிருந்தார்கள். தூணிலிருந்த பலகையின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நாலாவது திருகு வரவில்லை. பலகையை இரண்டு கையாலும் பிடித்துப் பிய்த்தாள். பலகை ஒரு மூலை உடைந்து வந்தது, அவள் நகமும் ஒன்று பெயர்ந்தது. சுற்றிலும் மெஷின்கள் நின்றுவிட்டன. பெயிண்ட்காரன் மட்டும் வந்து பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது, அவனும் அடித்தவன்தான்.

கேட்டில் பழைய இடத்திலேயே பலகையை மாட்டினாள். வெள்ளிக்கிழமைப் பட்டியல் இன்னும் அதில் ஒட்டியிருந்தது. ஆர்டர் இருக்கிறதா மேடம் என்று வாட்ச்மேன் தயங்கித் தயங்கிக் கேட்டார். இல்லை என்றாள். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொடுத்தார். அடுத்த பட்டியலில் தன் பெயர் வரும் என்று அவளுக்குத் தெரியும். பார்க்க வசதியாகத்தான் மாட்டினாள்.

அன்றைக்கு நேர்காணலுக்கு மூன்று பேர் வந்தார்கள். பலகையைப் படித்துவிட்டு இரண்டு பேர் போய்விட்டார்கள். மூன்றாமவர் முப்பது வயதுக்காரர், லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் மட்டும் நின்றார். அவள் அவரிடம் வாங்க என்று சொல்லவில்லை. இரண்டு இடம் எப்படிக் காலியானது என்று ஆரம்பத்திலிருந்து சொன்னாள், கிழிந்த உதட்டோடு நின்றபடியே சொன்னாள். ஓடிவிடுவார் என்று எதிர்பார்த்தாள்.

அவர் கேட்டுமுடித்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். நாலு மாதமாக வேலை இல்லை என்றும், வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றும் சொன்னார், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.

அவள் சேர்க்கைக் காகிதத்தை அவரிடம் கொடுத்தாள்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. உள்ள எது தப்பாத் தெரிஞ்சாலும் கத்துங்க. பேரை எழுதினா எழுதட்டும். கத்துங்க."

அவர் சரி என்று தலையாட்டினார். தம்பியும் அன்றைக்கு அப்படித்தான் தலையாட்டினான்.